சி.ஆர்.பி. நார்மல்னா வீட்டுக்குப் போயிடலாமா?

இந்த வாரம் ஒரு லேப் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசப் போறோம். உங்க வாட்ஸ்அப்புக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். ரூம்ல காய்ச்சலோட படுத்திருக்கிற நண்பனோ, ஊர்ல இருக்கிற அம்மாவோ ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ரெண்டு எண்ணுக்குப் பக்கத்துல கறுப்பா, தடிமனா 'ஹை'னு போட்டிருக்கும். கீழே ஒரு கேள்வி: "சி.ஆர்.பி. 48 இருக்கு. பயப்படணுமா?"

நான் சென்னையில் ஒரு எமர்ஜென்சி வார்டில் வேலை செய்கிற டாக்டர். இந்த மாதிரி மெசேஜ் வாரத்துக்கு நாலஞ்சு வரும். பயந்து கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்றது எனக்குச் சுலபம். நிஜமாவே கவலை தர்ற மெசேஜ் வேற ஒண்ணு இருக்கு: "சி.ஆர்.பி. நார்மல். அப்போ ஒண்ணுமில்லைதானே?"

ஒரு ராத்திரி அந்தக் கேள்விக்கு நானே மனசுக்குள்ள 'ஆமா, ஒண்ணுமில்லை'னு பதில் சொல்லிட்டேன். அன்னைக்கு ஒரு சிஸ்டர் குறுக்கே வரலைன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் யோசிப்பேன். அந்தக் கதையை வெச்சே இந்த எபிசோடைச் சொல்றேன். அவரை யாரும் அடையாளம் காணக் கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

ராத்திரி பதினொன்றரை மணி

அப்போ எனக்கு எமர்ஜென்சியில் முதல் வருஷம். இருபத்தஞ்சு வயசுப் பையன், ரூம்மேட் பைக்கில் உட்கார வெச்சு அழைச்சுட்டு வந்தான். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஆபீஸில் நல்லாத்தான் இருந்திருக்கான். ஆறரைக்குக் குளிர் ஆரம்பிச்சுது. பல் தட்டுகிற அளவுக்கு நடுக்கம். அப்புறம் காய்ச்சல், ரெண்டு தடவை வாந்தி. "ஷவர்மா சாப்பிட்டான் டாக்டர், அதுதான்னு நினைக்கிறேன்" என்றான் ரூம்மேட்.

காய்ச்சல் 102.6. நாடித்துடிப்பு 128. பிரஷர் 104-க்கு 60. 'ஒல்லியான பையன், வாந்தி எடுத்திருக்கான், கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்'னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். டிரிப்ஸ் போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்துடுச்சு. வெள்ளை அணுக்கள் 9,800, நார்மல். சி.ஆர்.பி. 8. எங்கள் லேபில் 10-க்குக் கீழே இருந்தால் நார்மல்.

அன்னைக்கு வார்டில் படுக்கை இல்லை. வெளியே பதினோரு பேர் காத்திருக்காங்க. பாராசிட்டமால் போட்டதும் காய்ச்சல் நூறுக்கு இறங்கிடுச்சு. 'வைரல் காய்ச்சல், நாளைக்கு ஓ.பி.யில் காட்டச் சொல்லலாம்'னு டிஸ்சார்ஜ் எழுத உட்கார்ந்தேன்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி வெக்கிறேன். என் கையில் இருந்த அந்த ரெண்டு எண்கள் உண்மையில் எதைச் சொல்லுது, எதைச் சொல்லலைன்னு பார்த்துட்டுத் திரும்பி வரலாம்.

ரத்தத்தில் நாம் தேடுவது கிருமியை இல்லை

முதல் விஷயம். சி.ஆர்.பி., வெள்ளை அணுக்கள், புரோகால்சிடோனின் எல்லாமே கிருமியை நேரடியாகக் காட்டுகிற டெஸ்ட் இல்லை. கிருமிக்கு உடம்பு கொடுக்கிற பதிலைத்தான் இவை அளக்குது. தெருவில் நாய் குரைக்குது. திருடனைப் பார்த்தும் குரைக்கலாம், தபால்காரரைப் பார்த்தும் குரைக்கலாம். சில நேரம் திருடன் சுவர் ஏறிக் குதிச்ச பிறகும் நாய் தூங்கிட்டு இருக்கலாம். குரைப்புச் சத்தத்தை மட்டும் கேட்டு, வந்தது யாருன்னு சொல்ல முடியாது.

வெள்ளை அணுக்களையே எடுத்துக்குவோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருந்தால் நார்மல்னு சொல்வோம். பாக்டீரியா தொற்று வந்தால் பெரும்பாலும் கூடும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும் கூடும். ரத்தக் குழாய் சுவரோரம் ஒட்டி நிற்கிற அணுக்கள் ஓட்டத்துக்கு வந்துடும், அதனால எண்ணிக்கை ஏறும். வலி, வலிப்பு, விபத்து எல்லாத்துக்கும் கூடும். அதே சமயம் டைபாய்டு சுத்தமான பாக்டீரியா நோய், அதுல இந்த எண்ணிக்கை பெரும்பாலும் நார்மலாகவோ குறைவாகவோதான் இருக்கும். மிகக் கடுமையான தொற்றில், எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாமல் எண்ணிக்கை சரிஞ்சும் போகலாம். கூடினாலும் கவனிக்கணும், குறைஞ்சாலும் கவனிக்கணும், நார்மலா இருந்தாலும் நிம்மதியா உட்கார முடியாது.

சி.ஆர்.பி.: 1930-இல் கிடைத்த ஒரு புரதம்

இப்போ சி.ஆர்.பி. இந்தப் பேரை நம்மில் பாதிப் பேர் கோவிட் காலத்தில்தான் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் கண்டுபிடிச்சு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகுது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்று இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தாங்க. நிமோனியாவை உண்டாக்குகிற நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற ஒரு பொருளை அந்த ரத்தத்தோடு சேர்த்தால், அது திரிந்து படிந்தது. நோய் குணமானவர்களின் ரத்தத்தில் அப்படி நடக்கலை. 'சி'-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். அதன் சுருக்கம்தான் சி.ஆர்.பி. நிமோகாக்கஸ் என்ற பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இந்தப் புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல். உடம்பில் எங்கேயாவது அழற்சி வந்தால், அதாவது திசு காயப்பட்டோ தொற்றுப்பட்டோ வீங்கிச் சிவந்தால், அங்கிருந்து இன்டர்லூகின்-6 என்ற சிக்னல் கல்லீரலுக்குப் போகும். அதன் பிறகுதான் கல்லீரல் வேலையைத் தொடங்கும். இதுக்கு நேரம் பிடிக்கும். ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏற ஆரம்பிக்கவே பொதுவா ஆறு மணி நேரம் ஆகும். அதன் பிறகு சுமார் எட்டு மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள். தூண்டுதல் நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இப்போ கணக்குப் போடுங்க. அந்தப் பையனுக்குக் குளிர் வந்தது ஆறரைக்கு. நான் ரத்தம் எடுத்தது பதினொன்றே முக்காலுக்கு. இடையில் ஐந்தேகால் மணி நேரம். அவனுடைய கல்லீரல் அப்போதான் தகவலையே வாங்கியிருக்கும். நான் பார்த்த 8 பொய்யான எண் இல்லை. அது சாயங்காலத்து உடம்பைப் பற்றிய எண். நான் அதை நடுராத்திரி உடம்பைப் பற்றிய எண்ணாகப் படிச்சேன்.

எதிர்ப்பக்கத்திலும் இதே பிரச்சினை இருக்கு. சி.ஆர்.பி. கூடியிருந்தால் பாக்டீரியா என்று அர்த்தமில்லை. கோவிட் ஒரு வைரஸ் நோய். அதுல மோசமான கேஸ்களில் சி.ஆர்.பி. நூறைத் தாண்டினதை நாம் எல்லோரும் பார்த்தோம். முடக்குவாதம், கணைய அழற்சி, மாரடைப்பு, எலும்பு முறிவு, ஏதாவது ஆபரேஷன் முடிந்த மறுநாள், இது எல்லாத்திலும் கூடும். கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு, தயாரிக்கிற இடமே பழுதானதால், கடுமையான தொற்றிலும் எதிர்பார்த்த அளவு ஏறாது. கோவிட் சமயத்தில் பேர் அடிபட்ட டோசிலிசுமாப் ஊசி அந்த இன்டர்லூகின்-6 சிக்னலையே தடுக்கிற மருந்து. அதைப் போட்டவங்களுக்கு சி.ஆர்.பி. தரைமட்டத்துக்கு இறங்கிடும், உள்ளே தொற்று இருந்தாலும்.

இன்னொரு சின்ன விஷயம், வீட்டில் ரிப்போர்ட் பார்க்கிறவங்களுக்கு. சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம்னு போடுவாங்க, சில லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்னு போடுவாங்க. ரெண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நேற்று 4.8, இன்னைக்கு வேற லேபில் 48-னு பார்த்துப் பதறுவாங்க. ரெண்டும் ஒரே அளவா இருக்கலாம். யூனிட்டைப் பாருங்க.

"டாக்டர், ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க"

இப்போ கதைக்குத் திரும்பலாம். டிஸ்சார்ஜ் எழுதிட்டு இருந்தேன். நைட் டியூட்டியில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தாங்க. எனக்கு எத்தனை வயசோ அத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கும் அவங்களுக்கு. என் பக்கத்தில் வந்து நின்று, சத்தமில்லாம சொன்னாங்க: "டாக்டர், அந்தத் தம்பி மூச்சு வாங்குறான். ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க."

சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை 18-னு எழுதியிருந்துச்சு. அவசரத்தில் எண்ணாமலே எழுதுகிற எண் அது. நான் போய் வாட்ச்சைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன். 30. பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரைதான் நார்மல். கையைத் தொட்டேன், சில்லுன்னு இருந்தது. முழங்காலுக்கு மேல தோல் திட்டுத் திட்டா நிறம் மாறியிருந்தது. என்ன தேதின்னு கேட்டேன். யோசிச்சுட்டு, தப்பாச் சொன்னான்.

வயிற்றைப் பார்க்க சட்டையைத் தூக்கினேன். நடுவில் நீளமா ஒரு பழைய தழும்பு. "இது என்ன?" என்று கேட்டதுக்கு ரூம்மேட்தான் பதில் சொன்னான். "சின்ன வயசுல ஆக்சிடென்ட் டாக்டர். உள்ள ஏதோ ஒண்ணை எடுத்துட்டாங்கன்னு சொல்லுவான்." அவங்க அம்மாவுக்கு போன் போட்டேன். அர்த்தராத்திரியில் எடுத்தாங்க. "மண்ணீரலை எடுத்துட்டாங்கம்மா, எட்டு வயசுல. ஏன், என் புள்ளைக்கு என்னாச்சு?"

மண்ணீரல் ஒரு வடிகட்டி மாதிரி. வெளியே சர்க்கரைப் பூச்சு போல ஓர் உறை போர்த்திய பாக்டீரியாக்கள் சில இருக்கு. அவற்றை ரத்தத்திலிருந்து பிடித்து அழிப்பதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு. அது இல்லாதவங்களுக்கு அந்த பாக்டீரியா ரத்தத்தில் நுழைந்தால், சாயங்காலம் காய்ச்சலா ஆரம்பிச்சது மறுநாளுக்குள் உயிரைப் பறிச்சிடலாம். அந்த பாக்டீரியாக்களில் முதல் இடத்தில் இருப்பது நிமோகாக்கஸ்.

லாக்டேட்: கிருமியைக் கேட்காதீங்க, திசுவைக் கேளுங்க

அடுத்து நான் எடுத்த டெஸ்ட் லாக்டேட். எமர்ஜென்சியிலேயே இருக்கிற ரத்த வாயு மெஷினில் ரெண்டு சொட்டு ரத்தம் விட்டால் சில நிமிஷத்தில் சொல்லிடும். 2-க்குக் கீழே இருக்கணும். அவனுக்கு 5.1.

இந்த எண் தொற்று இருக்கா இல்லையான்னு சொல்லாது. உடம்பின் திசுக்கள் நெருக்கடியில் இருக்கான்னு சொல்லும். செல்களுக்குப் போதுமான ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் கிடைக்காதபோது அவை வேறு வழியில் சக்தியைத் தயாரிக்கும். அதன் விளைவு லாக்டேட். தொற்றினால் உடம்பு முழுக்க அட்ரினலின் பாயும்போதும், கல்லீரலால் லாக்டேட்டைச் சுத்தம் செய்ய முடியாதபோதும் ஏறும். பிரஷர் இன்னும் விழாமல் தாக்குப்பிடிக்கிற இளம் வயசு உடம்பில், உள்ளே நடப்பதை இது முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்.

இதுக்கும் ஏமாற்றுகிற குணம் உண்டு. வலிப்பு வந்தவருக்கு லாக்டேட் பயங்கரமா ஏறும், ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிடும். ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் நெபுலைசர் வெச்சாலும் ஏறும். சிறுநீரகம் கெட்ட நிலையில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவங்களுக்கும் ஏறலாம். ஜிம்மில் கடைசி செட் முடிச்ச கையோடு எடுத்தால் உங்களுக்கும் ஏறித்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பையனுக்குக் குளிர்காய்ச்சல், 30 மூச்சு, குழப்பம், சில்லிட்ட கை, மண்ணீரல் இல்லாத உடம்பு. இத்தனையோடு 5.1-ஐச் சேர்த்துப் பார்த்தால் அதுக்கு ஒரே பேர்தான். செப்சிஸ். தொற்றுக்கு உடம்பு கொடுக்கிற பதில் கட்டுக்கடங்காமல் போய், தன் உறுப்புகளையே சேதப்படுத்த ஆரம்பிக்கிற நிலை. 2017-ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 4.9 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அந்த வருஷம் உலகில் நடந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று.

ரத்த கல்ச்சர் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாட்டிக் போட்டோம். கல்ச்சர்தான் கிருமியையே நேரடியாகத் தேடுகிற டெஸ்ட். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னாடியே எடுத்துடணும், இல்லைன்னா கிருமி வளராமல் போயிடலாம். ஆனால் முடிவு வர ஒரு நாளோ மூணு நாளோ ஆகும். செப்சிஸ் இருக்க வாய்ப்பு அதிகம், இல்லை ஷாக் வந்தாச்சுன்னா, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போடணும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். கல்ச்சருக்காக யாரும் காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சீக்கிரம் பதில் சொல்கிற ஒரு ரத்தக் குறியீட்டை டாக்டர்கள் இத்தனை வருஷமா தேடிட்டு இருக்காங்க.

புரோகால்சிடோனின்: பெரிய நம்பிக்கை, சின்ன ஏமாற்றம்

அந்தத் தேடலில் அதிகம் எதிர்பார்க்கப்பட்ட பேர் புரோகால்சிடோனின். தைராய்டில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் தயாராகிறதுக்கு முந்தைய வடிவம் இது. சாதாரணமா ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைவா இருக்கும். கடுமையான பாக்டீரியா தொற்றில் இது பல மடங்கு ஏறுவதை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. அந்த நேரத்தில் தைராய்டு மட்டுமில்லாமல் உடம்பின் பல திசுக்களும் இதைத் தயாரிக்க ஆரம்பிக்குது. வைரஸ் தொற்றில் சுரக்கிற இன்டர்ஃபெரான்-காமா இந்தத் தயாரிப்பை அடக்கி வைக்கும். அதனால பாக்டீரியாவையும் வைரஸையும் பிரிச்சுக் காட்டுவதில் சி.ஆர்.பி.யை விடக் கொஞ்சம் மேல். வேகமும் அதிகம். மூணு நாலு மணி நேரத்திலேயே ஏற ஆரம்பிக்கும்.

அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? 2009-இல் சுவிட்சர்லாந்தில் ஆறு மருத்துவமனைகளில், நெஞ்சுச் சளித் தொற்றோடு வந்த 1,359 பேரிடம் இதைச் சோதிச்சாங்க. புரோகால்சிடோனினைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் ஆன்டிபயாட்டிக் நாட்கள் சராசரியா 8.7-லிருந்து 5.7-ஆகக் குறைஞ்சது. நோயாளிகளுக்கு அதனால் பாதிப்பு கூடலை. நல்ல செய்தி. அப்புறம் 2018-இல் அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளின் எமர்ஜென்சிகளில் 1,656 பேரிடம் அதே மாதிரி ஓர் ஆய்வு. புரோகால்சிடோனின் பார்த்த குழுவுக்கு 4.2 நாள், பார்க்காத குழுவுக்கு 4.3 நாள். வித்தியாசமே இல்லை. அங்கே டெஸ்ட் இல்லாமலே டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து ஓரளவு சரியாத்தான் முடிவெடுத்துட்டு இருந்தாங்க.

இதுக்கும் விதிவிலக்குகள் நிறைய. பெரிய விபத்து, தீக்காயம், பெரிய ஆபரேஷன், சிறுநீரகச் செயலிழப்பு, மலேரியா, சில வகை தைராய்டு புற்றுநோய், எதிலும் ஏறலாம். ஓரிடத்தில் அடைஞ்சு கிடக்கிற சீழ்க்கட்டியில் ஏறாமலும் இருக்கலாம். அதனாலதான் செப்சிஸுக்கான சர்வதேச வழிகாட்டுதலின் 2021 பதிப்பு, ஆன்டிபயாட்டிக்கை எப்போ ஆரம்பிக்கிறது என்பதை முடிவுசெய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம்னு சொல்லுது. எப்போ நிறுத்துவது என்பதில் சந்தேகம் இருந்தால் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்னு சொல்லுது.

இந்த இரண்டாவது பாதி முக்கியம். ஒரு தடவை எடுத்த எண்ணை விட, தினமும் எடுத்து அது எந்தத் திசையில் போகுதுன்னு பார்ப்பது அதிகம் உதவும். 2024 இறுதியில் வெளியான பிரிட்டன் ஆய்வில், 41 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,760 செப்சிஸ் நோயாளிகளிடம் இதைப் பார்த்தாங்க. தினசரி புரோகால்சிடோனினைப் பார்த்ததால் ஆன்டிபயாட்டிக் காலம் சுமார் ஒரு நாள் குறைஞ்சது. மரணங்கள் அதனால் கூடலை. சி.ஆர்.பி.யைப் பார்த்த குழுவில் ஆன்டிபயாட்டிக் காலம் குறையலை.

ஒரு நாள்தானேன்னு தோணலாம். தேவையில்லாத ஒவ்வொரு நாள் ஆன்டிபயாட்டிக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்குது. நான் தினமும் பார்க்கிறேன், சாதாரண சிறுநீர்த் தொற்றுக்குக் கூட மாத்திரை வேலை செய்யாமல் ஊசிக்காக அட்மிட் ஆகிறவங்களை. அதனால, "சந்தேகம்னா எல்லாருக்கும் போட்டுடலாமே" என்பதும் ஒரு பதில் இல்லை.

அதே டெஸ்ட், ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம்

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எண்கள் புரிய வைக்கிறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை. ஒரு ரத்த டெஸ்ட், மோசமான தொற்று உள்ள 10 பேரில் 8 பேரைப் பிடிச்சுடும். தொற்று இல்லாத 10 பேரில் 3 பேரைத் தப்பா 'இருக்கு'ன்னு சொல்லும்.

முதல் வரிசை. லேசான காய்ச்சலோடு ஓ.பி.க்கு வந்த 100 பேர். மொபைலைப் பார்த்துட்டு, பேசிட்டு உட்கார்ந்திருக்காங்க. இவங்களில் 10 பேருக்குத்தான் மோசமான தொற்று இருக்குன்னு வெச்சுக்குவோம். டெஸ்ட் 'இல்லை'ன்னு சொல்வது 65 பேருக்கு. அதுல நிஜமா தொற்று உள்ளவங்க 2 பேர். நூற்றுக்கு மூணு.

ரெண்டாவது வரிசை. மூச்சு வாங்கிட்டு, குழம்பிப் போய், ஸ்ட்ரெச்சரில் வந்த 100 பேர். இவங்களில் 60 பேருக்குத் தொற்று. இப்போ டெஸ்ட் 'இல்லை'ன்னு சொல்வது 40 பேருக்கு. அதுல 12 பேருக்குத் தொற்று இருக்கு. நூற்றுக்கு முப்பது.

டெஸ்ட் மாறலை. லேப் மாறலை. டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்துச்சோ, அதுதான் ரிசல்ட்டின் அர்த்தத்தை மாற்றுது. என் தப்பு இங்கேதான். நான் ரெண்டாவது வரிசையில் இருந்த ஒருத்தனை, எண்ணைப் பார்த்து முதல் வரிசைக்கு மாற்றிட்டேன். அவன் எந்த வரிசைன்னு சிஸ்டருக்குத் தெரிஞ்சது, ஏன்னா அவங்க ரிப்போர்ட்டைப் பார்க்கலை, அவனைப் பார்த்தாங்க.

அதுக்காக இந்த டெஸ்ட்டெல்லாம் வீண்னு அர்த்தமில்லை. ரெண்டு மனசா இருக்கிற இடத்தில் இவை தராசை ஒரு பக்கம் சாய்க்கும். ரெண்டு நாளா இருமலும் காய்ச்சலும், ஆனால் நல்லா நடந்து வர்றாங்க, மூச்சு சரியா இருக்குன்னா, குறைவான சி.ஆர்.பி. எனக்கு 'ஆன்டிபயாட்டிக் வேண்டாம்'னு சொல்லத் தைரியம் கொடுக்கும். வயசானவங்க சிலருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராது, 'ரெண்டு நாளா சாப்பிடலை, சோர்வா இருக்காங்க'ன்னு மட்டும் சொல்வாங்க. அப்போ ஏறியிருக்கிற சி.ஆர்.பி. இன்னும் நல்லா தேடுன்னு என்னை உசுப்பும். டெங்கு சீசனில் ரத்த எண்ணிக்கையில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைவது ஒரு நல்ல துப்பு. எல்லாமே துப்புதான். தீர்ப்பு வேற இடத்தில் இருக்கு.

நீங்க என்ன செய்யலாம்?

காய்ச்சலோட இருக்கிறவரை வீட்டில் நீங்கதான் முதலில் பார்ப்பீங்க. ரிப்போர்ட்டுக்கு முன்னாடி ஆளைப் பாருங்க. மூச்சை ஒரு நிமிஷம் எண்ணுங்க, அவங்களுக்குத் தெரியாம. பேச்சு குழறுதா, வழக்கத்துக்கு மாறா குழப்பமா இருக்காங்களா? கை கால் சில்லுன்னு இருக்கா, தோல் திட்டுத் திட்டா நிறம் மாறுதா? நாள் முழுக்க சிறுநீரே போகலையா? "இவ்வளவு மோசமா எனக்கு எப்பவும் இருந்ததே இல்லை"ன்னு சொல்றாங்களா? இதுல ஒண்ணு இருந்தாலும் லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க, எமர்ஜென்சிக்குப் போங்க.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்காமலே சொல்லிடுங்க. முதலாவது, காய்ச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது. 'நேத்து'ன்னு சொல்லாதீங்க, மணியைச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் அந்த எண்ணைப் படிக்க முடியும். ரெண்டாவது, மண்ணீரல் எடுத்திருக்கா, ஸ்டீராய்டு சாப்பிடுறீங்களா, கீமோ நடக்குதா, வேற ஏதாவது நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து இருக்கா. "அது பழைய கதை"ன்னு விட்டுடாதீங்க. பதினேழு வருஷப் பழைய தழும்புதான் அன்னைக்கு எங்களுக்கு வழி காட்டுச்சு.

மண்ணீரல் இல்லாதவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டிருக்கான்னு உங்க டாக்டர்கிட்ட இந்த வாரமே கேளுங்க. காய்ச்சல் வந்தால் அன்னைக்கே, அந்த நேரமே போகணும்.

முதல் டெஸ்ட் நார்மல், ஆனால் ஆள் சரியில்லைன்னு தோணுச்சுன்னா, "சீக்கிரமா எடுத்துட்டோமா டாக்டர்? திரும்ப எப்போ பார்க்கணும்?"னு கேளுங்க. தப்பே இல்லை. அப்படிக் கேட்கிற குடும்பங்கள் மேல எனக்குக் கோபம் வர்றதில்லை, நன்றிதான் வருது.

அந்தப் பையனோட கல்ச்சரில் மறுநாள் கிருமி வளர்ந்தது. நிமோகாக்கஸ். அன்னைக்குக் காலையில் திரும்ப எடுத்த சி.ஆர்.பி. 190-ஐத் தாண்டியிருந்தது. நடுராத்திரி வெறும் 8. அந்தப் புரதம் முதன்முதலில் எந்தக் கிருமியால் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதே கிருமிதான் அவன் ரத்தம் முழுக்க இருந்தது. பிரஷர் ஏற்றும் மருந்தோட ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தான். ரெண்டு கால் விரல் நுனி கறுத்துப் போச்சு. பிழைச்சுட்டான். டிஸ்சார்ஜ் ஆகிற அன்னைக்கு அவங்க அம்மா என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. நான் அவங்களை அந்த சிஸ்டர்கிட்ட அழைச்சுட்டுப் போனேன்.

அன்னையிலிருந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். ரிசல்ட் கம்ப்யூட்டரில் வந்ததும் உடனே திறக்க மாட்டேன். முதலில் எழுந்து போய் படுக்கை பக்கத்தில் நின்று, ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுவேன். அப்புறம்தான் எண்ணைப் பார்ப்பேன்.

அடுத்த வாரம் சந்திக்கலாம். இந்த எபிசோடை, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புற அந்த நண்பனுக்கும் அனுப்பிடுங்க.